செயினேஜ் 14/200

மேலூர் சாலை இந்த இடத்தில்
கண்மாய்க் கரைமேல் ஏறிப் போகிறது.
வலப்பக்கம் தண்ணீர்.
இடப்பக்கம் இரண்டரை ஆள் பள்ளத்தில் வயல்.
இருவழி, நான்குவழி ஆக வேண்டும்.
இடம் எங்கே இருக்கிறது?
பள்ளத்துக்கு மேலே, காற்றில்.

காற்றை மண்ணால் நிரப்பலாம்.
மண் சும்மா நிற்காது.
அதன் போக்கில் விட்டால்
ஏழு மீட்டர் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.
ஏழு மீட்டர் என்பது நட்டு இருபது நாளான நெல்,
கையகப்படுத்த மூன்று வருடம்,
வழக்குக்குத் தனியாக.
அதனால் சுவர்.
முந்நூற்று எண்பது மீட்டர்.

என் மடிக்கணினியில் மூன்று சுவர்கள் நிற்கின்றன.

முதலாவது கான்கிரீட்.
பாதத்தைச் சாலைக்கு அடியில் புதைத்துக்கொள்ளும்;
தன்னைத் தள்ளுகிற மண்ணையே
தன் பாதத்தின்மேல் சுமையாக ஏற்றி
அந்தச் சுமையால் நிற்கும்.
(இப்படி நிற்கும் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.)
மீட்டருக்கு எழுபத்தோராயிரம்.

இரண்டாவது, மண்ணுக்குள் பட்டைகள் விரித்து
மண்ணாலேயே மண்ணைக் கட்டுவது.
ஐம்பத்திரண்டு.
பட்டை விரிக்கக் கரையைத் தோண்ட வேண்டும்.
நிறைந்த கண்மாயின் கரையைத் தோண்ட
நீர்வளத் துறையில் எவர் கையெழுத்துப் போடுவார்?
அடித்துவிட்டேன்.

மூன்றாவது கம்பிக்கூடை.
கீழவளவுப் பக்கம் குவாரி வாசலில்
மெருகேறாமல் ஒதுக்கிய கல் மலையாய்க் கிடக்கிறது.
அள்ளிக் கூடையில் போட்டு அடுக்கினால் சுவர்.
முப்பத்தெட்டு.

"கோழிக்கூண்டு மாதிரி இருக்கே" என்றார் கோட்டப் பொறியாளர்.
மட்டக்கோலைத் தோளில் சாய்த்தபடி சேவுகப்பெருமாள் சொன்னார்:
"சுவர மண்ணு தள்ளாது சார்,
மண்ணுக்குள்ள தங்குற தண்ணிதான் தள்ளும்.
இது விட்டுப் பிடிக்கும்."
அதற்குள் கோட்டப் பொறியாளர்
கால்குலேட்டரில் இருந்தார்.
எழுபத்தொன்றில் முப்பத்தெட்டு போக,
பெருக்கல் முந்நூற்று எண்பது.
ஒரு கோடியே இருபத்தைந்து லட்சத்து நாற்பதாயிரம் மிச்சம்.
டீ வாங்கி வரச் சொன்னார், எல்லோருக்கும்.

மிச்சம் என்ற கட்டத்துக்கு எதிரே
வேறு ஒரு கட்டம் படிவத்தில் இல்லை.
கூடைச்சுவர் படிப்படியாக வெளியே இறங்கும்;
கான்கிரீட்டைவிட இரண்டு மீட்டர் கூடுதலாக
வண்டிப்பாதையில் கால் வைக்கும்.
14/460இல் அந்த இரண்டு மீட்டரில்
பாத்திமுத்துவின் பஞ்சர் கடை:
நான்கு தகரம், ஒரு காற்றுப் பம்பு,
டயர்மேல் உட்காரும் வாடிக்கையாளர்.
புறம்போக்கு.
இழப்பீடு: இல்லை.
செலவு இல்லாததால்
என் மதிப்பீட்டில் அவள் வரவே இல்லை.

இரவு வரைபடத்தைத் திறந்தேன்.
பன்னிரண்டு மீட்டர் மட்டும் கூடையை எடுத்துவிட்டு
கான்கிரீட் வைத்தேன்.
மிச்சத்தில் மூன்று லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம் குறைந்தது.
காரணம் எழுதும் இடத்தில்
'மடைக்கு அருகே அடித்தள அகலம் போதவில்லை.'
மடை இருக்கிறது,
ஒன்பது மீட்டர் தள்ளி.
தணிக்கைக்கு வருகிறவர் டேப் பிடித்தால்
நான் என்ன சொல்வேன் என்று
இன்னும் எழுதிப் பார்க்கவில்லை.

கோப்பு திரும்பி வந்த வாரம்
என் ஸ்கூட்டர் அவள் கடை முன்னால் காற்றிழந்தது.
நிஜமாகவே ஆணிதான்.
ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினாள்.
குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு
என்னைப் பார்க்காமல் கேட்டாள்:
"செவரு எதுவரைக்கும் வருது?"
செருப்பு நுனியால் புழுதியில் கோடு போட்டேன்.
"இதுவரைக்கும்."

கோட்டைப் பார்த்தாள்.
கடையைப் பார்த்தாள்.
ஒட்டு காய்கிற நேரத்தில்
தண்ணீர்ச் சட்டியைத் தூக்கி
ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டாள்.
"முப்பது ரூவா" என்றாள்.